எழுத்துமூலக் கேள்வி போட்டால் ஏதாவது நடக்குமா?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "தில்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதியை 2025 ஜூனில் இடித்த பிறகு எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் தில்லியின் வடகோடியில் உள்ள நரேலாவில் இருக்கிறார்கள். தண்ணீர், கரண்ட், பிள்ளைகள் படிப்பு எல்லாமே தகராறு. ஒரு எம்.பி. அலுவலகத்தில் போய்ச் சொன்னோம். 'எழுத்துமூலக் கேள்வி போட்டுப் பார்க்கலாம்' என்றார்கள். அமைச்சர் அரைப் பக்கம் எழுதிக் கொடுப்பார், அதோடு கதை முடிந்தது என்கிறார் என் மாமா. கேள்வி போடுவதால் உண்மையிலேயே பயன் உண்டா? கடிதம் எழுதினால் போதாதா?"

உங்கள் மாமா சொல்வதில் பாதி சரி, தம்பி. நான் மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து, அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவன். கேள்வி கேட்கிற பக்கத்தில் அல்ல, பதில் எழுதுகிற பக்கத்தில் உட்கார்ந்தவன். கூட்டத்தொடர் வந்தால் லீவு கிடையாது, ராத்திரி எத்தனை மணிக்கு ஆர்.கே.புரம் திரும்புவோம் என்று தெரியாது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்தக் கேள்வி எங்களை ஆட்டிவைக்கும், எது டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிடும் என்பது முதல் வாசிப்பிலேயே தெரியும். அமைச்சர் யார், எம்.பி. எந்தக் கட்சி என்பதெல்லாம் அப்புறம்தான். கேள்வி எப்படி எழுதப்பட்டிருக்கிறது, பதில் வந்த பிறகு யாராவது அதை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறார்களா, இந்த இரண்டில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில். அது அவையில் வைக்கப்படும், துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 எழுத்துமூலக் கேள்வி. மாநிலங்களவையில் 15, 160. ஒரு எம்.பி. மக்களவையில் ஒரு நாளுக்கு ஐந்து நோட்டீஸ் வரை தரலாம், குறைந்தது 15 முழு நாள் முன்னதாக. நோட்டீஸ் அதிகம் என்பதால் யாருடையது முன்னால் வரும் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். நீங்கள் கேட்க நினைக்கும் அமைச்சகத்தின் நாள் தவறிப்போனால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

டிவியில் காட்டுவதெல்லாம் அந்த 20-தான். அதிலும் ஒரு மணி நேரத்தில் சில கேள்விகள்தான் எடுத்துக்கொள்ளப்படும், மீதிக்கு எழுத்தில் பதில் வைத்துவிடுவார்கள். ஆனால் புள்ளிவிவரம், ஒதுக்கீடு, காலக்கெடு, மாவட்டவாரிப் பட்டியல் என்று உருப்படியாக வெளியே வருவது பெரும்பாலும் அந்த 230-இல் இருந்துதான். காரணம் எளிது. நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சருக்குக் காலையிலேயே விளக்கக் கூட்டம், வரக்கூடிய துணைக் கேள்விகளுக்கெல்லாம் தடிமனான குறிப்பு, அதிகாரிகள் கேலரியில் செக்ரட்டரி முதல் எல்லோரும் ஆஜர். எழுத்துமூலக் கேள்விக்கு அந்தப் பரபரப்பு இல்லை. செக்‌ஷனில் டிராஃப்ட் போட்டு, டெபுடி செக்ரட்டரி, ஜாயின்ட் செக்ரட்டரி என்று மேலே போய் அமைச்சரின் ஒப்புதலோடு வரும். பரபரப்பு குறைவு என்பதால் இணைப்பு அட்டவணையில் சில சமயம் நல்ல தகவல் தப்பித்து வந்துவிடும். எந்தப் பதிலாக இருந்தாலும் முதலில் இணைப்பைப் பாருங்கள். மேலே இருக்கும் பத்தியை அப்புறம் படிக்கலாம்.

இப்போது டிராஃப்ட் மேசைக்கு வாருங்கள். பெரும்பாலான கேள்விகள் ஒரே அச்சில் வரும். (அ) இன்னது உண்மைதானா. (ஆ) ஆம் எனில் அதன் விவரங்கள். (இ) இல்லை எனில் அதற்கான காரணங்கள். (ஈ) இது குறித்து அரசு எடுத்துவரும் நடவடிக்கைகள் யாவை? இதைப் பார்த்தாலே எங்களுக்கு நிம்மதி. (அ)-வுக்கு 'இல்லை' என்று எழுத ஒரு வழி கிடைத்துவிட்டால் (ஆ) 'வினா எழவில்லை'. (ஈ)-க்குப் போன வருஷப் பதிலில் இருந்து திட்டங்களின் பெயரை எடுத்து ஒட்டிவிடலாம். இன்னும் வசதியான வழி ஒன்று உண்டு: '(அ) முதல் (ஈ) வரை' என்று நான்கையும் சேர்த்துக் கட்டி, பொதுவாக ஒரே பத்தி எழுதிவிடுவது. எந்த உட்பிரிவுக்குப் பதில் வந்தது, எதற்கு வரவில்லை என்று படிக்கிறவருக்குச் சட்டென்று பிடிபடாது. வந்த பதிலில் இந்தக் கட்டு இருந்தால், கேள்வியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு உட்பிரிவாகச் சரிபாருங்கள். காணாமல் போன உட்பிரிவு எதுவோ, அமைச்சகத்துக்கு வலிக்கிற இடம் பெரும்பாலும் அதுதான்.

தப்பிக்கும் வழிகள் வேறும் உண்டு. 'இது மாநிலப் பொருள்.' 'இத்தகைய தரவு மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை.' 'இது ஒரு தொடர் பணி.' அப்புறம் கேள்வியையே வேறு அமைச்சகத்துக்குத் தள்ளிவிடுவது. ஒரே கேள்வியில் மூன்று துறைகளைக் கலந்து எழுதினால் இந்தத் தள்ளுமுள்ளு நிச்சயம் நடக்கும். கடைசியில் யார் தலையில் விழுகிறதோ அவர்கள் மற்ற இரண்டு துறை விஷயத்தைத் தொடவே மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 'தரவு இல்லை' என்ற பதிலே சில நேரம் பெரிய வாக்குமூலமாகிவிடும். 2020 செப்டம்பரில், கொரோனாவைக் காரணம் காட்டி கேள்வி நேரத்தையே ரத்து செய்த கூட்டத்தொடரில் எழுத்துமூலக் கேள்வி மட்டும்தான் மிஞ்சியது. ஊரடங்கில் ஊர் திரும்பும்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குத் தொழிலாளர் அமைச்சகம் அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படவில்லை என்று எழுதியது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பினார்கள் என்ற கணக்கு மட்டும் அவர்களிடம் இருந்தது. நாடு முழுக்க அந்தப் பதில்தான் தலைப்புச் செய்தி. அடுத்த ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் 'குறிப்பாக' எதையும் தெரிவிக்கவில்லை என்று சுகாதார அமைச்சகம் பதில் தந்தது. அந்த 'குறிப்பாக' என்ற ஒரு சொல்லில் எத்தனை பேருடைய உழைப்பு இருந்திருக்கும் என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். தில்லியில் இருப்பதில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு, பலர் கவனிப்பதில்லை. சென்னையில் குடிசை மாற்றுக் குடியிருப்பில் தண்ணீர் வரவில்லை என்று நாடாளுமன்றத்தில் கேட்டால் 'மாநிலப் பொருள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தில்லியில் நிலமும் போலீசும் பொது ஒழுங்கும் சட்டமன்றத்தின் அதிகாரத்தில் இல்லை; அரசியல் சட்டத்தின் 239ஏஏ பிரிவு அப்படித்தான் வைத்திருக்கிறது. தில்லி வளர்ச்சி ஆணையம், அதாவது டி.டி.ஏ., மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அதனால் டி.டி.ஏ. வீடு, டி.டி.ஏ. நிலம் பற்றி நாடாளுமன்றத்தில் தாராளமாகக் கேட்கலாம். தில்லி மெட்ரோவுக்கும் அதே அமைச்சகம்தான். ரிதாலாவில் இருந்து நரேலா வழியாக குண்ட்லி போகும் பாதைக்கு மத்திய அமைச்சரவை 2024 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது, அதன் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் யார் மறுவாழ்வுக்குத் தகுதி என்று கணக்கெடுக்கும் டூசிப் என்ற குடிசை மேம்பாட்டு வாரியமும், தண்ணீர் தரும் தில்லி ஜல் போர்டும், டி.டி.சி. பஸ்ஸும், பள்ளிக்கூடமும் தில்லி அரசிடம். அதையெல்லாம் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. மூலம் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும். பிள்ளைகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கு நரேலாவில் இருந்து எப்படி வருவார்கள் என்பதை நாடாளுமன்றக் கேள்வியில் நுழைத்தால், வீட்டுக் கேள்வியும் சேர்ந்து நீர்த்துப்போகும். இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இடிப்பு நடந்தது தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில், பாராபுல்லா வாய்க்காலைச் சீர்செய்வதற்காக. நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தைக் கேள்வியாகக் கேட்க மக்களவை விதி 41 அனுமதிக்காது. இடித்தது சரியா தப்பா, இன்னாரைத் தகுதி நீக்கியது நியாயமா என்றெல்லாம் கேட்டால் நோட்டீஸ் வாசலிலேயே திரும்பிவிடும். அதே விதியில் வேறு தடைகளும் இருக்கின்றன: வாதம் கூடாது, ஊகம் கூடாது, கேலி கூடாது, அடைமொழி கூடாது, அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது, 150 சொல்லைத் தாண்டக் கூடாது, முன்பே பதில் தரப்பட்டதைத் திரும்பக் கேட்கக் கூடாது. கோபத்தோடு எழுதுகிறவர்கள் முதலில் இடறி விழுவது அடைமொழியில்தான். 'அவல நிலையில் உள்ள' என்று எழுதியவுடன் கேள்வி பலவீனமாகிவிடும். எண்ணைக் கேளுங்கள்; அவலம் தானாகத் தெரியும்.

மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன். முதலில் எழுதக் கூடாத விதம்:

"நரேலாவில் மறுகுடியமர்த்தப்பட்ட மக்கள் அடிப்படை வசதியின்றித் தவிப்பது அரசுக்குத் தெரியுமா, தெரியும் எனில் அதன் விவரங்கள், அரசு எடுத்த நடவடிக்கைகள் யாவை?"

இதற்கு நானே பதில் எழுதிவிடுவேன்: "(அ) முதல் (இ) வரை: டி.டி.ஏ. தெரிவித்துள்ளபடி, குடியிருப்புகள் உரிய விதிமுறைகளின்படி கட்டப்பட்டுள்ளன. பராமரிப்பு ஒரு தொடர் பணியாகும்." முடிந்தது. யாரும் பொய் சொல்லவில்லை, யாருக்கும் ஒன்றும் தெரியவும் இல்லை.

இதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"(அ) நரேலாவில் குடிசைவாசிகளின் மறுவாழ்வுக்கென டி.டி.ஏ. ஒதுக்கியுள்ள வீடுகளின் எண்ணிக்கை, பாக்கெட் வாரியாக. (ஆ) அவற்றில் ஆள் குடியேறியவை, குடிநீர் இணைப்பு உள்ளவை, மின் இணைப்பு உள்ளவை எத்தனை, பாக்கெட் வாரியாக. (இ) இணைப்பு இல்லாத வீடுகளுக்கு அதை வழங்குவதற்கென நிர்ணயித்துள்ள தேதி. (ஈ) கடந்த இரண்டு நிதியாண்டுகளில் இவ்வீடுகளின் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கிய தொகையும் செலவிட்ட தொகையும்?"

பாக்கெட் என்றால் டி.டி.ஏ. குடியிருப்பின் ஒரு பகுதி. (அ)-வில் ஆம், இல்லை என்று பதில் சொல்லவே இடம் இல்லை. எண்தான் தர முடியும். (ஆ)-வைச் சேர்த்துக் கட்டினால் அட்டவணையில் ஓட்டை பளிச்சென்று தெரியும். (இ)-தான் முக்கியம். தேதி தந்தால் அமைச்சர் மாட்டிக்கொண்டார். தேதி நிர்ணயிக்கப்படவில்லை என்று எழுதினால் அதையும் எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது. (ஈ)-இல் ஒதுக்கீட்டையும் செலவையும் ஒன்றாகக் கேட்பது வேண்டுமென்றேதான். ஒதுக்கீட்டை மட்டும் கேட்டால் பெரிய தொகையைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்கள்.

பதில் வந்த பிறகுதான் உண்மையான வேலை. பலருக்குத் தெரியாத ஓர் அமைப்பு இருக்கிறது: அரசு உறுதிமொழிகள் குழு. மக்களவையில் 1953-இல் அமைத்தார்கள், மாநிலங்களவையில் 1972-இல். அமைச்சர் பதிலில் 'பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்' என்ற மாதிரி ஏதாவது எழுதிவிட்டால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறிவிடும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும். இந்தத் தலைவலிக்குப் பயந்துதான் எங்கள் டிராஃப்டில் 'பரிசீலனையில்' என்று இருந்தால் ஜாயின்ட் செக்ரட்டரி சிவப்பு மையால் அடித்துவிட்டு வேறு ஏதாவது எழுதுவார். பழைய உறுதிமொழிகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடப்பதும் உண்டு, கைவிட அனுமதி கேட்டு வாங்கிவிடுவதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் கணக்கில் ஏறிய விஷயத்துக்கு ஃபைல் மூடாது. கடிதத்துக்கும் கேள்விக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். எம்.பி. எழுதும் கடிதத்துக்கு 'தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய கவனம் செலுத்தப்படும்' என்று அமைச்சர் கையெழுத்துப் போட்டுவிடலாம். அது அவை ஆவணம் ஆகாது, அதில் தவறான தகவல் இருந்தாலும் அவையில் பிடிக்க முடியாது. அவையில் வைத்த பதிலில் தவறு இருந்தால் மக்களவையில் சபாநாயகரின் வழிகாட்டுதல் 115-இன் கீழ் உறுப்பினர் சுட்டிக்காட்டலாம். வேண்டுமென்றே அவையைத் திசைதிருப்பினார் என்றால் உரிமை மீறல் வரை போகும். பதில் திருப்தியில்லை என்றால் அரை மணி நேர விவாதம் கேட்கவும் விதி 55-இல் வழி உண்டு, கிடைப்பதுதான் கஷ்டம்.

தொடர்ந்து கேட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம், நம்மவர் ஒருவர் பதவியே போன கதை. 1957-இல் எல்.ஐ.சி., தொழிலதிபர் ஹரிதாஸ் முந்திராவின் கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. அந்த ஆண்டு மக்களவையில் இது பற்றிக் கேள்விகள் எழுந்தன; அமைச்சகம் நழுவலாகப் பதில் சொன்னது. கேட்டவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்ல. ராம் சுபக் சிங்கும் பெரோஸ் காந்தியும் ஆளும் காங்கிரஸ்காரர்கள். பெரோஸ் பிரதமரின் மருமகன் வேறு. டிசம்பர் 16-ஆம் தேதி பெரோஸ் விவரங்களை அவையில் அடுக்கிய பிறகு நீதிபதி சாக்ளா கமிஷன் வந்தது, பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது, 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். முதல் கேள்வியிலேயே எதுவும் வெளியே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் காலத்தில் மதுரை எய்ம்ஸ். 2018 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது மதிப்பீடு 1,264 கோடி ரூபாய், காலக்கெடு 45 மாதம். 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல். பிறகு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவுடன் கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் ஆனது, மதிப்பீடு 1,977.80 கோடியாக ஏறியது. தமிழ்நாட்டு எம்.பி.க்கள் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் இதைக் கேட்டார்கள். ஒவ்வொரு பதிலையும் தனியாகப் படித்தால் வேலை நடந்துகொண்டிருக்கிற மாதிரியே இருக்கும். வரிசையாக அடுக்கினால் 45 மாதம் எங்கே போயிற்று என்று புரியும். கட்டடம் சீக்கிரம் எழும்பியதா என்றால் இல்லை. ஆனால் 'தாமதமே இல்லை' என்று யாராலும் மேடையில் பேச முடியாதபடி அரசின் சொந்தப் பதில்களே தடுத்தன. கேள்வியால் இவ்வளவுதான் முடியும், இது சின்ன விஷயமும் இல்லை.

கேள்விக்கு மதிப்பு இருப்பதால்தான் அதற்கு விலையும் பேசினார்கள். பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்க ஒப்புக்கொண்டது கேமராவில் சிக்கியதால் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள். மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர். அதனால் இன்று எம்.பி. அலுவலகங்கள் வெளியாள் எழுதிக் கொடுத்த கேள்வியை அப்படியே போடத் தயங்கினால் தப்பாக நினைக்காதீர்கள். எந்தக் கம்பெனி, எந்த ஒப்பந்ததாரர் பெயரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரைப் பிடிப்பது? தில்லியின் ஏழு மக்களவை உறுப்பினர்களில் உங்கள் தொகுதிக்காரரும் கேட்கலாம், தமிழ்நாட்டு எம்.பி.யும் கேட்கலாம், தொகுதி எல்லை இதற்குக் கிடையாது. ஆளுங்கட்சி எம்.பி. கேட்டாலும் பதில் வந்தே தீர வேண்டும், அதனால் கட்சி பார்த்து ஒதுங்க வேண்டாம். இரண்டு அவையிலும் ஒவ்வொருவரைப் பிடித்தால் இன்னும் நல்லது. மக்களவையில் (அ), (ஆ) மட்டும் ஒருவர், சில வாரம் கழித்து மாநிலங்களவையில் (இ), (ஈ) மட்டும் இன்னொருவர் என்று கேட்கலாம். இரண்டாவது கேள்வி முதல் பதிலின் எண்ணை எடுத்துக்கொண்டே தொடங்க வேண்டும். பதில்கள் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அன்றைக்கே வந்துவிடும், அமைச்சகம் வாரியாகத் தேடலாம். நரேலா பற்றி ஏற்கெனவே என்ன பதில் வந்திருக்கிறது என்று முதலில் அங்கே பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே இருந்தால் உங்கள் நோட்டீஸ் தள்ளுபடியாகும், ஆனால் அதுவே உங்களுக்கு முதல் பதிலாகக் கிடைத்துவிட்டது. பதிலில் விடுபட்டதை 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் டி.டி.ஏ.விடமே கேட்கலாம், 30 நாள் கெடு.

கூட்டத்தொடர் தேதி அறிவித்தவுடனே எம்.பி.க்கள் குடியிருக்கும் நார்த் அவென்யூவுக்கோ சவுத் அவென்யூவுக்கோ போய்விடுங்கள். தொடங்கிய பிறகு போனால் முதல் இரண்டு வாரம் போய்விடும். கையில் ஒரு பக்கம் போதும், ஆங்கிலத்தில். நோட்டீஸ் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் போகிறது. மேலே அமைச்சகத்தின் பெயர், கீழே நான்கு உட்பிரிவு. பின்பக்கம் வீட்டு எண்ணோடு தண்ணீர் வராத வீடுகளின் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். அது நோட்டீசுக்கு அல்ல, எம்.பி.யின் உதவியாளருக்கு. 'எல்லா வீட்டுக்கும் இணைப்பு உள்ளது' என்று பதில் வந்தால், மறுநாள் அவருக்கு அது தேவைப்படும்.